பையைத் திற

2025 ஏப்ரல் நடுவில், பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகப் பைக்குள் அரிவாள் வைத்துப் பள்ளிக்குப் போனான். கூடப் படிக்கிறவனை வகுப்பிலேயே வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. பென்சில் தகராறு என்றார்கள். வெட்டியவன் ஓடி ஒளியவில்லை. நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சரணடைந்தான்.

ஊரே திடுக்கிட்டது. திடுக்கிடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. மதியம் திடுக்கிட்டோம். ராத்திரி டி.வி. விவாதத்தில் கொதித்தோம். விடிவதற்குள் தீர்வு கிடைத்துவிட்டது: பையன்களின் பையைச் சோதி. காலை வழிபாடு முடிந்ததும் வரிசையாக நிற்க வை. ஜிப்பைத் திற. டிபன் பாக்ஸைத் திற. ஜாமெட்ரி பாக்ஸையும் விடாதே, காம்பஸ் முனை கூர்மையானது.

எனக்கு அரிவாளைவிட உறைத்தது அந்தச் சரணடைதல்தான். எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் அது கிடையாது. வெட்டினால் அடுத்த காரியம் ஸ்டேஷன் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நாம்தான். சாதிக்காகக் கொல்லப்பட்ட இளைஞர் கோகுல்ராஜின் வழக்கில் தேடப்பட்ட சாதிச் சங்கத் தலைவர் யுவராஜ், 2015இல் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் வசனம் வசனமாகப் பேசி அனுப்பினார். நாள் சொல்லிவிட்டு வந்து, ஆதரவாளர் கூட்டத்துக்கு நடுவே நாமக்கல்லில் சரணடைந்தார். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. கொங்கு நாட்டில் எத்தனை அப்பன்மார் அந்தக் காட்சியைச் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்! 2022இல் நீதிமன்றம் அவருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தச் செய்தியை யாரும் தட்டுக்கு முன்னால் போட்டுக் காட்டியதாகத் தெரியவில்லை.

அந்த ஏப்ரலில் கிணத்துக்கடவு பேக்கரிகளிலும் இதே பேச்சு. மேம்பாலம் வந்த பிறகு பொள்ளாச்சி போகிற வண்டிகள் தலைக்கு மேலே பறந்துவிடுகின்றன. கீழே மிஞ்சியது தக்காளி லாரியும் நாலு பெரியவர்களும். டீ, தேங்காய் பன், நாட்டு நடப்பு.

"அதெல்லாம் திருநெல்வேலிச் சீமைலீங். நம்ம பக்கத்துப் பசங்க தங்கமுங்" என்றார் ஒருவர்.

"வாத்தியார் கைல பெரம்பு இருந்த வரைக்கும் ஊரு ஒழுங்கா இருந்துச்சுங்" என்றார் எதிரில் இருந்தவர். "எங்கய்யன் என்னையப் பள்ளிக்கோடத்துல உட்டுப்போட்டு, 'கண்ண மட்டும் உட்டுட்டு மிச்சத்த உரிச்சுப்போடுங் வாத்தியாரே'ன்னு சொல்லிட்டுத்தான் வந்தாருங். இப்பத் தொட்டா கேசுங்கறாங்."

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்கிறது. அடி வாங்கி வளர்ந்த தலைமுறை தங்கமாக வளர்ந்தது என்பது பெரியவர் கட்சி. தங்கம் டீயைக் குடித்துவிட்டுக் காருக்குப் போனது. முன் சீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பேரன், கைப்பேசியில் முகம். பின் கண்ணாடியில் ஒரு சிங்கம். சிங்கத்துக்குக் கீழே சாதிப் பெயர், நம்பர் பிளேட்டைவிடப் பெரிய எழுத்தில். அதற்கும் கீழே ஆண்ட பரம்பரை. ஆண்டது எந்த ஊரை என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. பேரனுக்கு அந்தக் கவலையே இல்லை. சிங்கம் இருக்கிறது, போதும்.

"ஏனுங்ணா, பின்னாடி ஒட்டியிருக்கறதை எந்த வாத்தியார் உரிக்கறது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஊரில்தான் நானும் நாளைக்கு டீ குடிக்க வேண்டும்.

நம்ம பக்கம் அப்படி இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்கே கொங்கு நாட்டில் தனியாக ஒரு கோயில் கட்டலாம். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம், பட்டப்பகல். சாதி மாறிக் கல்யாணம் செய்த குற்றத்துக்காக, பொள்ளாச்சிப் பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கேமரா எல்லாவற்றையும் பதிந்துகொண்டது. இங்கிருந்து பஸ் ஏறினால் பொள்ளாச்சி தாண்டி அடுத்த ஊர். திருநெல்வேலிச் சீமை இல்லை.

2019, பொள்ளாச்சி. பாலியல் கும்பல் ஒன்றின் பிடியில் சிக்கிய ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தாள். பெரியவர்கள் என்ன செய்தார்கள்? மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர்களை உட்கார வைத்து அவள் பெயரைச் சொன்னார். அரசாணையும் சொன்னது. எதையாவது மறைத்துப் பழக்கப்பட்ட அரசாங்கம், மறைக்கச் சொல்லிச் சட்டமே இருக்கிற ஒன்றை மட்டும் மறைக்கவில்லை. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைக்க 2025 மே 13 வரை ஆனது. அந்த ஆறு வருடத்தில் இந்த வட்டாரத்துப் பெண் பிள்ளைகள் ஒரு பாடத்தை மட்டும் தெளிவாகப் படித்திருப்பார்கள்: பெரியவர்களிடம் சொல்லாதே.

அவ்வளவு தூரம் எதற்கு? பாளையங்கோட்டையில் அரிவாள் வந்த அதே ஏப்ரலில், அதற்குச் சில நாள் முன்னால், கிணத்துக்கடவை ஒட்டிய செங்குட்டைப்பாளையத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. தனியார் பள்ளி. எட்டாம் வகுப்புத் தலித் மாணவி. மாதவிடாய் என்று வகுப்புக்கு வெளியே, படிக்கட்டில் உட்காரவைத்து முழு ஆண்டுத் தேர்வு எழுத வைத்திருந்தார்கள். படம் எடுத்தவர் பெற்ற தாய். தாயே தனியாக உட்கார வைக்கச் சொன்னார் என்று விளக்கம் வந்தது. பிறகு தலைமையாசிரியர் இடைநீக்கம், போலீஸ் வழக்கு, விசாரணை.

ஆக, பாளையங்கோட்டையிலும் எட்டாம் வகுப்பு. இங்கேயும் எட்டாம் வகுப்பு. அங்கே அரிவாள் தூக்கியது ஒரு பையன். இங்கே பிள்ளையை வெளியே உட்கார வைத்தது பட்டம் வாங்கி, சம்பளம் வாங்கும் பெரியவர்கள். முதலாவதற்கு வன்முறை என்று பெயர். இரண்டாவதற்கு விளக்கம் கேட்கப்பட்டது. நாங்கள் கொங்குக்காரர்கள் அரிவாளெல்லாம் எடுக்க மாட்டோம். வாங், போங், உக்காருங் என்று மரியாதை குறையாமல் பேசித்தான் எதையும் செய்வோம். ரத்தம் வராது. வராததால் செய்தியும் இல்லை, டி.வி. விவாதமும் இல்லை. அந்தத் தாய் கைப்பேசியை எடுக்காமல் இருந்திருந்தால் படிக்கட்டும் இல்லை.

அன்றைக்கு வகுப்புக்கு உள்ளே பரீட்சை எழுதிய பிள்ளைகளைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அவர்கள் தலை நிமிர்ந்திருப்பார்கள். வாசலைப் பார்த்திருப்பார்கள். யாரை வெளியே உட்கார வைக்கலாம், அதை யார் செய்யலாம், செய்தால் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். பையைச் சோதிக்கிற ஆசாமிகளே, அந்தப் பாடம் எந்தப் பைக்குள் இருக்கும்?

இனிக் கயிற்றுக் கதைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நிதானமாகச் சொல்லும்போதுதான் அதிகமாக எரிகிறது.

தென் மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டுகிறார்கள். சிவப்பு ஒரு சாதி, மஞ்சள் ஒரு சாதி, பச்சை ஒன்று, காவி ஒன்று. விளையாட்டு அணி பிரிப்பதும், மதிய இடைவேளையில் யார் யாரோடு உட்காருவது என்பதும் கயிற்றைப் பார்த்துத்தான். இதைப் பயிற்சியில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கண்ணில் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்குப் புதுசு, அதனால் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டார்கள். பள்ளிக் கல்வி இயக்குநர் 2019 ஜூலை கடைசியில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: எந்தெந்தப் பள்ளியில் இது நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள், நிறுத்துங்கள்.

ஒழுங்கான காரியம். ஆகவே நிலைக்கவில்லை. பா.ஜ.க.வின் எச். ராஜா, இது இந்துக்களுக்கு எதிரானது என்று கிளம்பினார். அப்போது கல்வி அமைச்சர் நம்ம கோபிச்செட்டிபாளையத்துக்காரர், செங்கோட்டையன். சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமல் போய்விட்டது, இப்போது இருக்கிற நடைமுறையே தொடரும் என்றார். தொடர்ந்தது.

2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்தில் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளி. கயிறு கட்டுவதில் தகராறு. அடிபட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஆஸ்பத்திரியில் செத்தான். அடித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பு. சிறார் சட்டப்படி அவர்களை என்ன செய்யலாம் என்று விலாவாரியாகப் பேசினார்கள். மூன்று வருடம் முன்னால் கயிற்றை அவிழ்க்கச் சொன்ன காகிதத்தை மடித்து உள்ளே வைத்த பெரியவர்களை எந்தச் சட்டத்தில் என்ன செய்யலாம் என்று யாரும் பேசவில்லை. அவர்களும் விவாதத்தில் கலந்துகொண்டு இளைய தலைமுறையின் போக்கு கவலை அளிப்பதாகச் சொல்லியிருக்கக்கூடும்.

2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவன். கூடப் படிக்கிறவர்களின் தொல்லை தாங்காமல் சில நாளாகப் பள்ளிக்கே போகவில்லை. பள்ளியில் கேட்டார்கள், விஷயம் வெளியே வந்தது. வழக்கம்போல எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தான். அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். குறுக்கே விழுந்த தங்கைக்கும் வெட்டு.

இந்த இடத்தில் நின்று பாருங்கள். அந்தப் பையன் நாம் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் செய்தான். திருப்பி அடிக்கவில்லை. அரிவாள் தேடவில்லை. பெரியவர்களிடம் சொன்னான். அவர்கள் கேட்டபடி எழுத்து மூலமாகவும் சொன்னான். அந்தக் காகிதம் போக வேண்டிய இடத்துக்குப் போவதற்கு முன்னால் செய்தி போகக் கூடாத வீடுகளுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் இரண்டு தரப்பு வீட்டுக்கும் ஒரு ஆசிரியர் போயிருந்தால்? ஒரு போலீஸ்காரர் அந்தத் தெருவில் ஒரு ராத்திரி நின்றிருந்தால்? பேட்டா எவ்வளவு ஆகியிருக்கும்?

அடுத்த மே மாதம் அந்தப் பையன் பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான். முதலமைச்சர் பாராட்டினார். தலைவர்கள் பாராட்டினார்கள். 2025 ஏப்ரலில் ஒரு கும்பல் அவனை ஏமாற்றி வரவழைத்து மறுபடியும் தாக்கியது. பாளையங்கோட்டை அரிவாளுக்கு மறுநாள். அந்த வாரம் நமக்குத் திடுக்கிட ஒரே நேரத்தில் நிறைய இருந்ததால், இதற்குக் கொஞ்சம் குறைவாகத் திடுக்கிட்டோம்.

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு. 2024 ஜூனில் 600 பக்கத்துக்கு மேல் அறிக்கை. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் வேண்டாம். பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம். ஒரே ஊரில் வேர்விட்ட ஆசிரியர்களை இடம் மாற்றுங்கள். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு கவுன்சிலர் அம்மையார் அறிக்கையின் நகலைக் கிழித்தார். மாணவன் பரீட்சைத் தாளைக் கிழித்தால் ஒழுங்கீனம். கவுன்சிலர் கிழித்தால் கருத்துரிமை. ஒரு வருடம் கழித்துப் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் போனது. 2019இல் ஒரு சுற்றறிக்கையில் சொன்னதை 2025இல் திரும்பச் சொல்ல நமக்கு ஒரு சாவு, ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளின் ரத்தம், ஒரு நீதிபதி, 600 பக்கம் தேவைப்பட்டது.

நம் பெரியவர்களின் மருத்துவம் எல்லாமே இப்படித்தான், நோய்க்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளி வைப்பது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். இந்திப் படம் ஒன்று பிடிபட்டது. அதன்மேல் பழியைப் போட்டோம். பிறகு மாணவர் மனநலத்துக்காக நடமாடும் ஆலோசனை வண்டிகள் விட்டார்கள். பத்து வண்டி. அன்றைக்குத் தமிழ்நாட்டில் மாவட்டம் 32. கோபம் வருகிற பையன் வண்டி தன் ஊருக்கு வருகிற முறைநாள் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2022இல் மாணவர்கள் ஆசிரியரை மிரட்டுகிற வீடியோக்கள் வரிசையாக வந்தபோது, தப்பு செய்கிறவனை நிரந்தரமாக நீக்கி, காரணத்தை டி.சி.யிலும் எழுதிவிடுவோம் என்றார் அப்போதைய கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ், சட்டமன்றத்தில். நல்லது. அந்த டி.சி.யோடு பையன் எந்தப் பள்ளிக்குப் போவான்? எவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஊரில் அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருப்பவர் ஒருவர்தான், சாதிச் சங்கத்து அண்ணன். அவர் டி.சி. கேட்பதில்லை. பைக் கொடுப்பார், பெட்ரோல் போடுவார், பிறந்த நாளுக்கு பிளக்ஸ் வைப்பார். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் ஞாபகமில்லாத பெயரைப் பத்தடி உயரத்தில் அச்சடிப்பார்.

சரி, சட்டத்தின் கையில் ஒப்படைப்போம் என்றால், 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் செத்தான். ரயில்வே பேட்டரி திருடினான் என்று பிடித்து வந்தவன். அடித்தே கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். வன்முறை கூடாது என்று பையன்களுக்குப் புரியவைப்பதற்காகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்கள். அதற்கும் ஒரு நபர் குழு. அதற்கும் நீதிபதி சந்துரு. அந்த அறிக்கை 2023 நவம்பரில் வந்தது. பாவம் அந்த மனுஷன், ஒரு அறிக்கைக்கும் இன்னொரு அறிக்கைக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் இருந்ததா தெரியவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் அறநெறி வகுப்பு வேண்டும் என்கிறார்கள். வையுங்கள். டாஸ்மாக்கில் 2024–25இல் 48,344 கோடி ரூபாய் வருமானம் பார்த்த அரசாங்கம், மாலை ஆறு மணிக்கு அப்பா வீடு வந்து சேர்வாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிற பையனுக்கு, காலை பத்து மணிக்குப் புலனடக்கம் சொல்லிக் கொடுக்கட்டும். விளையாட்டுப் பீரியடை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தால் வசதி. ஆனால் அதை ஏற்கெனவே கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேட்கிறீர்கள், பெரியவர்கள் என்னதான் செய்ய வேண்டும் என்று. புதிதாக ஒன்றுமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு பையன் மூன்று நாள் வரவில்லை என்றால் நாலாவது நாள் யாராவது அவன் வீட்டுக்குப் போக வேண்டும். புகார் வந்தால் அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், சொன்னவனுக்கு ஒரு பாதுகாப்பு, சொல்லப்பட்டவன் வீட்டில் ஒரு பேச்சு. அடித்தவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அவனைக் கைகழுவக் கூடாது. கழுவிய கைகளைத்தான் அவன் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பான். அப்புறம் அந்தப் பின்கண்ணாடி ஸ்டிக்கர். சோப்புத் தண்ணீரும் பிளேடும் இருந்தால் அரை மணி நேர வேலை. அதற்கு நீதிபதி தேவையில்லை.

சந்துரு அறிக்கையில் ஒரு யோசனை இருக்கிறது, அதை யாரும் கிழிக்கவும் இல்லை, கண்டுகொள்ளவும் இல்லை. 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற பள்ளிக்கு ஒரு பள்ளி நல அலுவலர். பாடம் நடத்த வேண்டாம், ரிஜிஸ்டர் எழுத வேண்டாம். எவன் முகம் வாடியிருக்கிறது, எவள் இரண்டு நாளாக வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. பேக்கரிப் பெரியவர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர் சட்டென்று கேட்டார்: "சம்பளம் ஆருங் குடுக்கறது?"

நியாயமான கேள்வி. கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை ஜூன் மாதத்தில் இரண்டு பக்கமும் பாருங்கள், முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் பிளக்ஸ். அதற்குப் பணம் இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் பொன்னாடை, நினைவுப் பரிசு, டிரம் செட். அதற்கும் இருக்கிறது. நன்கொடை கொடுக்கக் கொங்கு நாட்டில் ஆளுக்கா பஞ்சம்? ஆர்ச் கட்டித் தருவார்கள், சுற்றுச்சுவர் எழுப்பித் தருவார்கள், பத்து பெஞ்சு வாங்கிப்போட்டு ஒவ்வொரு பெஞ்சிலும் அப்பாரு, ஆத்தா பெயரைக் குலத்தோடு எழுதித் தருவார்கள். எல்லாவற்றுக்கும் கிரானைட்டில் பெயர் வெட்டிப் பதிக்க இடம் உண்டு. நல அலுவலர் ஒரு மனுஷன். நெற்றியில் பெயர் வெட்ட முடியாது. ஆகையால் அவருக்கு மட்டும் இன்னும் ஒரு நன்கொடையாளர் கிடைக்கவில்லை.